அருமைநாதன் என்னைக் காப்பாற்றிய கதை

அருமைநாதன் தன் கையை முறித்துக்கொண்டு என்னைச் சாவிலிருந்து இழுத்தெடுத்தார் என்று மொன்றியலில் இருக்கிற எங்கள் சனம் நம்புகிறது. ஞாயிற்றுப் பூசை முடிந்து மாதா கோயில் படியில் நிற்கும்போது யாராவது வந்து தோளில் தட்டுவார்கள். "றெக்ஸ், நீ அந்த மனிசன்ர கையில உயிர் பிழைச்சனி. மறந்துபோடாத." பிறந்தநாள் விழாவில் கேக் வெட்ட முன்னும் சொல்வார்கள், வெட்டிய பின்னும் சொல்வார்கள். ஒருமுறை டோர்வல் விமானநிலையத்துக்கு ஆளேற்றப் போனேன். அங்கே பெட்டி தள்ளுகிற, முன்பின் தெரியாத மட்டக்களப்புப் பெடியன் என் பெயரைக் கேட்டதும், "அண்ணை, உங்களை இழுக்கேக்கதானாம் அவருக்குக் கை முறிஞ்சது?" என்றான்.

ஆறு வருடமாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அவருடைய கை என்னால் முறியவில்லை. அவர் என்னை இழுக்கவும் இல்லை. இழுத்தவன் நான். இதைச் சொன்னால் சனம் சிரிக்கும். அதனால் சொல்லாமல் காருக்குப் போய்விடுவேன்.

ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால்தான் நடந்தது விளங்கும். அவர் எனக்குச் சகலன். மூத்தவள் யோசெப்பினை அவர் கட்டினார், இளையவள் அக்னெஸை நான் கட்டினேன். அவருடையது பேசிச் செய்த கலியாணம். யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் மூன்று வள்ளம் வைத்திருந்த குடும்பம் என்று அவரே ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறார். நானும் அக்னெஸும் சபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் கண்டு விரும்பினோம். என் அப்பா மன்னாரில் இறங்குதுறையில் மூட்டை சுமந்தவர். பெண் கேட்டு நான் போன அன்று அருமைநாதன் கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்துகொண்டு மாமனாரிடம் கேட்டார்: "மூட்டை தூக்கின ஆக்கள் எங்கட மேசையில இருந்து சாப்பிடப் போகினமோ, மாமா?"

அக்னெஸ்தான் குசினிக்குள் இருந்து வந்து, "ஓம் அத்தான், உங்களுக்குப் பக்கத்தில" என்றாள்.

அவர் அதை மன்னிக்கவில்லை. என்னோடு சிரித்துக் கதைப்பார். பகிடி விடுவார். ஆனால் அவர் வீட்டில் எனக்குத் தேநீர் வருகிற கோப்பை எப்போதும் ஒன்றே. காது உடைந்த பச்சைக் கோப்பை. மற்றவர்களுக்கு வருகிற கோப்பைகள் மாறும், என்னுடையது மாறாது.

குள்ளமான ஆள். கழுத்து தடிப்பு. தலைமயிருக்குக் கறுப்பு மை பூசுவார், கொலோன் இல்லாமல் வெளிக்கிட மாட்டார். முந்நூற்று நாலு என்கிற சீட்டு விளையாடினால் துரும்பை ஒளித்துக் களவு செய்வார். பிடித்தால், "உங்களுக்குக் கண் இருக்கோ எண்டு பாத்தனான்" என்பார். சனத்துக்கு அவரைப் பிடிக்கும். ஒரு கூட்டத்தில் அவர் கதை சொல்லத் தொடங்கினால் சின்னப்பிள்ளைகள்கூட ஓடுவதை விட்டுவிட்டு வந்து நிற்கும்.

தொழிலில் கெட்டிக்காரர். அதையும் எழுதத்தான் வேண்டும். நகரத்தின் நடுவில் இருக்கிற உயரமான கட்டிடங்களுக்குக் கயிற்றில் இறங்கி யன்னல் துடைக்கிற வேலை அவருக்கு. ஒரு சின்னப் பலகையில் குந்தி, வாளியும் இறப்பர்த் துடைப்பானுமாக இறங்குவார். எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்தவர் அவர்தான். ஆனால் பலகை தரவில்லை. நான் கூரையில் நின்று முடிச்சையும் கயிற்றையும் பார்த்துக்கொள்ளவேண்டும். முதலாளி நொர்மோன் கியூபெக்காரன், நல்லவன். இரண்டு மூன்று தரம் என்னையும் இறக்கிப் பார்ப்போம் என்று சொன்னான். அருமைநாதன், "அவனுக்குத் தலை சுத்தும்" என்று சொல்லி முடித்துவிட்டார். எனக்கு ஒருநாளும் தலை சுற்றியதில்லை.

நொர்மோனுக்கு ஒரு விசர் இருந்தது. இலை கொட்டுகிற காலத்தில் அமெரிக்காவுக்குப் போய், யூட்டாப் பாலைவனத்தில் மணற்கல் மலைகளின் வெடிப்புகளுக்குள் கயிறு போட்டு இறங்குவான். மழைத்தண்ணீர் ஓடி ஓடி மலையை வாள்போல அறுத்த வெடிப்புகள் அவை. ஒரு ஆள் பக்கவாட்டில் போகிற அளவுதான் அகலம். 2002இல் அவன் அருமைநாதனையும் கூட்டிக்கொண்டு போனான். மனிதர் அங்கே எடுத்த படங்களைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு வருடம் முழுக்கக் காட்டினார். அடுத்த வருடம் நொர்மோனுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. "அவன் இல்லாட்டி என்ன, எனக்கு வழி தெரியும்" என்றார் அருமைநாதன். இரண்டு குடும்பமும் சேர்ந்து லாஸ் வேகாசுக்குச் சுற்றுலா, அங்கிருந்து காரில் யூட்டா என்று ஒழுங்கு செய்தார். பெண்களுக்குச் சந்தோசம். எனக்கு ஏன் அழைப்பு என்றால், கயிறு பிடிக்க ஆள் வேண்டும்.

யூட்டாவில் நாங்கள் தங்கிய ஒரு சின்ன ஊர் மோட்டலில் அக்காவும் தங்கச்சியும் குளியலறைக்குள் ரைஸ் குக்கரை வைத்துச் சோறு காய்ச்சினார்கள். கருவாடு பொரித்த மணத்துக்கு மோட்டல்காரி கதவைத் தட்டினாள். அருமைநாதன் வெளியே போய்த் தன் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரிக்க, பிரெஞ்சு விளங்காத அந்த வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டே போனாள். அப்படி ஒரு வாய்.

அடுத்த நாள் காலையில் நாங்கள் இரண்டு பேரும் வெளிக்கிட்டோம். நொர்மோன் அந்த வெடிப்புக்குப் போகும்போது நீச்சல்காரர் போடுகிற தடித்த இறப்பர் உடுப்புக் கொண்டுபோவான். நான் அதைக் கேட்டேன்.

"உது எதுக்கு? இந்த வருசம் மழை இல்லை. தண்ணி வத்திப்போயிருக்கும். வத்தினா வேலை சுகம்" என்றார்.

அவர் விட்ட முதல் பிழை இது. வற்றினால் சுகம் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

உள்ளே போனால் சுவர் இரண்டும் சிவப்பு. யாரோ உள்ளங்கையால் வழித்து விட்டதுபோல வழுவழுப்பு. பிடிக்க ஒரு மொளி கிடையாது. மேலே பார்த்தால் வானம் நூல்போலத் தெரிந்தது. வெளியே வெயில் எரிக்க, உள்ளே ஐஸ்பெட்டிக் குளிர். தரையில் இடைக்கிடை குழிகள். வெள்ளம் வரும்போது சுழல் கல்லைக் கடைந்து கடைந்து குழி போடுமாம். நொர்மோன் அதை மார்மிட் என்பான். பிரெஞ்சில் அது பெரிய சட்டி. சின்னச் சட்டிகளில் சறுக்கி இறங்கி, முழங்காலை ஊன்றி ஏறி, அப்படியே போனோம். ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பெரிது.

பிறகு ஒரு பள்ளம் வந்தது. இறுகிக் கிடந்த மரக்குற்றி ஒன்றில் கயிற்றை இரட்டையாகப் போட்டு இறங்கினோம். நான் கீழே வந்து நிமிர முன், அருமைநாதன் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து இழுத்து முழுவதையும் கீழே விழுத்திவிட்டார்.

"அண்ணை, பொறுங்கோ. முன்னுக்கு என்ன கிடக்கெண்டு பாத்துப்போட்டு இழுத்திருக்கலாமே?"

"கீழ போனா வழிதானேடா. என்ன, திரும்பி ஏறப் போறியோ?"

எங்கள் தொழில் அப்படிப் பழக்கியிருந்தது. கட்டிடத்தில் இறங்கினால் கீழே தெரு இருக்கும். பலகையைக் கழற்றிவிட்டுக் கோப்பி குடிக்கப் போகலாம். இறங்கி முடிந்தால் வேலை முடிந்தது. மலைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. கயிறு கையில், பின்னால் ஏற முடியாத சுவர், முன்னால் ஒரு சட்டி.

முந்தின வருடம் அந்தச் சட்டி வாய்மட்டத்துக்கு நிரம்பி இருந்ததாம். நீந்திப்போய் மற்றக் கரையில் வயிற்றால் வழுக்கி ஏறிவிட்டார்களாம். இப்போது தண்ணீர் பாதிதான். சுவர் உள்பக்கமாக வளைந்து, பானையின் வயிறுபோல இருந்தது. மற்றக் கரையின் விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு ஆளின் உயரத்தையும் தாண்டி நின்றது.

அவர் அதைப் பார்க்கவில்லை. "பாத்தியா, வத்திட்டுது. நடந்து போகலாம்" என்று சொல்லிக்கொண்டே குதித்தார். தண்ணீருக்கு அடியில் ஒரு கல் கிடந்திருக்கிறது. எழும்பி வந்தபோது அவருடைய வலது கை மணிக்கட்டுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கேதான் அந்தக் கை முறிந்தது. அப்போது நான் இன்னும் மேலே, காய்ந்த கல்லில் நின்றேன்.

அவர் கத்தவில்லை. முகம் மட்டும் சாம்பல் நிறமானது. "இறங்கி வாடா" என்றார்.

நான் உடனே இறங்கவில்லை. நொர்மோன் சொல்லித் தந்த வழி ஒன்று இருந்தது. முதுகுப்பையில் மண்ணை நிரப்பிக் கயிற்றில் கட்டி அக்கரைக்கு எறிந்தால் பை அங்கே விழுந்து பாரமாகக் கிடக்கும். கயிற்றைப் பிடித்து ஏறலாம். எறிந்தேன். சுவர்கள் நெருக்கியதால் கையைச் சுழற்ற இடம் இல்லை. பை விளிம்பில் அடித்து அடித்துத் தண்ணீருக்குள் விழுந்தது. ஒவ்வொரு தரமும் அவர் கீழே நின்று, "பெட்டைப் பிள்ளை எறிஞ்ச மாதிரி" என்றார். பல்லுக் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது, ஆனாலும் சொன்னார்.

வேறு வழியில்லாமல் நானும் இறங்கினேன். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. மூச்சு நின்றுபோகும் குளிர். அடியில் சேறு, செத்த ஏதோ ஒன்றின் நாற்றம். உள்ளிருந்தும் பையை எறிந்து பார்த்தேன். ஒருதரம் பை தங்கியது. தொங்கினேன். அரைவாசி ஏற, பை வழுக்கி வந்து என் தலையில் விழுந்தது.

இனி ஒன்றுதான் மிச்சம். ஒருவன் மற்றவனின் தோளில் ஏறி நிற்கவேண்டும். அவர் கேட்கவே இல்லை.

"குனி" என்றார்.

குனிந்தேன். சப்பாத்துக் காலோடு ஏறினார். தோளில் நின்றார், எட்டவில்லை. தலையில் ஒரு காலை வைத்தார். இடது கை விளிம்பில் பட்டது. ஆனால் ஒரு கையால் உடம்பைத் தூக்க முடியுமா? வழுக்கி விழுந்தார். போகிற போக்கில் சப்பாத்தின் அடி என் காதைக் கிழித்துக்கொண்டு போனது. திரும்பவும் "குனி" என்றார். திரும்பவும் ஏறினார், விழுந்தார். அதற்குப் பிறகு அவரால் முழங்காலை மடக்கவே முடியவில்லை.

"அண்ணை, உங்கட கை சரிவராது. நான் ஏறுறன். நீங்கள் கீழ நில்லுங்கோ. நான் உயரம், எனக்கு எட்டும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் அவரிடம் யோசெப்பினைக் கேட்டதுபோலப் பார்த்தார்.

"என்ர தோளிலயோ?"

"வேற ஆற்ற தோள் இஞ்ச கிடக்கு?"

"டேய். சுமக்கிறது உங்கட ஆக்களின்ர வேலை. எங்கட தோளில ஒருத்தன்ர காலும் பட்டதில்லை."

"அண்ணை, விறைச்சுச் சாகப்போறம்."

"சாவன். உன்ர கால் படாது."

வாய்ப்பேச்சு என்று நினைக்கவேண்டாம். அவர் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டு முறிந்த கையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். நேரம் போனது. எனக்குக் கால்விரல்கள் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் யாரும் இல்லை. மோட்டலில் இருக்கிற இரண்டு பெண்களுக்கும் நாங்கள் எந்த மலைக்குப் போனோம் என்றே தெரியாது, அவர் சொல்லவில்லை. முதலில் கெஞ்சினேன். பிறகு யோசெப்பின் அக்காவின் பெயரைச் சொன்னேன், மகன் ஜெனாட்டின் பெயரைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு செபம் சொன்னார். பிறகு தூஷணத்தில் பேசினேன். அதற்குக் கண் திறந்தார்.

"உந்தப் பையை என்ர தோளில போடு. அதுக்கு மேல நில். கால் என்னில முட்டக்கூடாது."

உயிர் போகிற நேரத்தில் மனிதர் கண்டுபிடித்த வழி இது. மண்ணைக் கொட்டிவிட்டு ஈரப் பையை அவர் தோளில் விரித்தேன். ஏறினேன். ஏறி நிமிரும்போது பை வழுக்கியது. நான் முதுகடியாகத் தண்ணீருக்குள் போனேன். அவரும் சேர்ந்து விழுந்து, முறிந்த கை எனக்குக் கீழே அகப்பட்டது. அப்போதுதான் அவர் முதன்முதலாகக் கத்தினார். சுவரெல்லாம் திரும்பக் கத்தின.

எழும்பியபோது அவருடைய உதடு நீலம். நடுக்கம் நின்றுவிட்டது. குளிரில் நடுக்கம் நிற்பது நல்லதற்கில்லை என்று பனிக்காலத்தைக் கண்ட எவனுக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்தது.

பையை ஒரு பக்கம் தண்ணீருக்குள் எறிந்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிக் கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல்,

"ஏறு" என்றார். "ஏறித் துலை."

ஏறினேன். கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு, சப்பாத்தோடுதான். கழற்ற விரல் மடங்கவில்லை. அவர் கழுத்தின் நரம்பு என் காலுக்குக் கீழே துடிப்பது தெரிந்தது. விளிம்பு கைக்கு வந்தது. நெஞ்சைத் தேய்த்து, நாடியைத் தேய்த்து, எப்படியோ அங்கால் விழுந்தேன்.

அங்கே வெயில் ஒரு கீறாக விழுந்திருந்தது. அதில் கிடந்தேன்.

கீழே இருந்து, "கயித்தை விடு" என்றார். நான் உடனே விடவில்லை. கை விறைத்திருந்தது, அது அரைவாசிக் காரணம். "றெக்ஸ், கயித்தை விடடா" என்றார். பிறகு, "றெக்ஸ், தம்பி" என்றார். பன்னிரண்டு வருடத்தில் என்னைத் தம்பி என்று அவர் கூப்பிட்டது அன்றைக்குத்தான். கொஞ்சம் பொறுத்து எழும்பினேன்.

விளிம்புக்கு அங்கால் இரண்டு சுவருக்கும் இடையில் ஒரு கல் இறுகிக் கிடந்தது. கயிற்றை அதில் சுற்றினேன். இரண்டு முனையிலும் கால் வைக்கக் கண்ணி போட்டு இறக்கினேன். ஒற்றைக் கையால் அவரால் ஏற முடியாது. ஆனால் கண்ணியில் நிற்க முடியும். ஒரு காலில் பாரம் போட்டு நின்றால், மற்றக் காலின் கண்ணியை நான் ஒரு சாண் உயர்த்தி இறுக்குவேன். பிறகு மற்றக் கால். ஒரு சாண், ஒரு சாண். கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்தது. அவர் தலை தெரிந்தது. பிறகு மை கரைந்து நெற்றியில் வழிந்த முகம். கழுத்துப் பட்டையில் பிடித்து ஆட்டுக்குட்டியை இழுப்பதுபோல இழுத்துப் போட்டேன்.

வெயிலில் கிடந்து மறுபடி நடுங்கத் தொடங்கினார். பிறகு சொன்ன முதல் வார்த்தை: "கார்த் திறப்பு உன்னட்டத்தானே?"

வெளியே வந்து, மண்ணில் விழுந்து எழும்பி நடந்து, காரை ஓட்டி மோட்டலுக்கு வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. யோசெப்பின் அக்கா அவருடைய கையைக் கண்டதும் குழறினா. "என்னப்பா, என்ன நடந்தது?"

நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"உவன் சட்டிக்க விழுந்திட்டான். தண்ணிக்க தாழப் போனவன். நான் மேல நிண்டு இழுத்தன். பாரம். கை முறிஞ்சுபோச்சு. பரவாயில்லை, உயிர்தானே முக்கியம்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கண் சிமிட்டவில்லை. அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, "கர்த்தர்தான் இவரை உன்னோட அனுப்பினவர்" என்று அழுதா. கிழிந்த காதில் இருந்து ரத்தம் அவவின் சட்டையில் பட்டது.

இரவு படுக்கும்போது அக்னெஸிடம் உள்ளதைச் சொன்னேன்.

"நான் நம்புறன்" என்றாள். "ஆனா விடுங்கோ. அக்காக்கு அந்தாளில பெருமைப்பட வேற ஒண்டும் இல்லை."

விட்டேன். அதுதான் இந்த ஆறு வருடம்.

கை கோணலாகப் பொருந்தியது. அவரால் இனிக் கயிற்றில் இறங்க முடியாது. நொர்மோன் பலகையை எனக்குத் தந்தான். சனம் சொன்னது: "கையையும் முறிச்சு, கதிரையையும் பிடிச்சிட்டான்." அருமைநாதன் லொங்குய்யில் ஒரு அலுவலகக் கட்டிடத்தில் வாசல் காவலுக்குப் போனார். மஞ்சள் வழி மெற்றோவில் போய்வரும்போது காணுகிற தமிழரிடமெல்லாம் கதையைச் சொன்னார். கதை வளர்ந்தது. முதல் வருடம் நான் மயங்கியிருந்தேன். இரண்டாம் வருடம் அழுதேன். நாலாம் வருடம், "அண்ணை, என்னை விட்டுட்டுப் போங்கோ, அக்னெஸைப் பாருங்கோ" என்று கெஞ்சினேனாம். என் பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொன்னார். சின்னவள் என்னைப் பார்த்துப் பிரெஞ்சில், "அப்பா, நீங்கள் உண்மையாக அழுதீங்களா?" என்று கேட்டாள்.

சீட்டாட இருந்தால் கோணல் கையை மேசையில் தூக்கி வைப்பார். "எனக்குச் சீட்டுக் குலைக்கேலாது. றெக்ஸ் குலைப்பான். அவனுக்குக் கடமை இருக்கு." எல்லோரும் சிரிப்பார்கள். நான் குலைத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் குலைத்தேன்.

2009 பங்குனியில் ஈரலில் புற்றுநோய் என்றார்கள். கெதியாகவே முடிந்தது. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்க வரிசையில் சனம் வந்தது. எல்லோரும் கோணல் கையைத்தான் தொட்டு முத்தமிட்டார்கள். எலும்பும் தோலுமாய் இருந்தும் அந்தக் கையைப் போர்வைக்கு வெளியேதான் வைத்திருந்தார்.

கடைசியாக நான் போனது ஒரு பின்னேரம். அக்கா கோப்பி எடுக்கக் கீழே போயிருந்தா.

"கதவைச் சாத்து" என்றார்.

சாத்தினேன்.

"என்ர செத்தவீட்டுப் பூசை முடிய ஒருத்தர் எழும்பி என்னைப் பற்றிக் கதைக்கவேணும். பாதர் கேட்டவர். உன்ர பேரைக் குடுத்திட்டன்."

"ஜெனாட் இருக்கிறான். மகன்தானே கதைக்கிறது."

"அவன் பிரெஞ்சில கதைப்பான். ஆருக்கு விளங்கும்? நீ கதை. சட்டிக்க நடந்ததைச் சொல்லு."

நான் கதிரையை இழுத்து அவருடைய முகத்துக்குக் கிட்ட இருந்தேன். "என்ன நடந்தது, அண்ணை? நீங்களே சொல்லுங்கோ. இஞ்ச ஒருத்தரும் இல்லை."

அவர் கூரையைப் பார்த்தார். மூச்சு விசில் அடித்தது. ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்த நான் மடையன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் நடந்தது."

"நான் உங்கட தோளில நிண்டன்."

"நிக்கேல்லை."

"உங்கட கழுத்து நரம்பு என்ர காலுக்கு அடியில துடிச்சது."

"டேய்" என்றார். குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. "நான் ஆறு வருசம் சொல்லியிருக்கிறன். நான் செத்தாப் பிறகு நீ வாயைத் திறந்தா யோசெப்பின் என்னத்தோட இருப்பாள்? பெடியன் என்னத்தோட இருப்பான்? என்ர வாயால சொன்னது என்னோட போயிடும். உன்ர வாயால சொன்னா நிக்கும்."

"அப்ப எனக்கு என்ன மிச்சம்?"

"உனக்கு உயிர் மிச்சம்தானே" என்று சிரித்தார். அந்த நிலையிலும் சிரித்தார், நாய்.

நடையில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. கோணல் கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதில் பலம் இல்லை, நானாகத்தான் குனிந்தேன்.

"சொல்லேக்க கொஞ்சம் அழு" என்றார். "அப்பத்தான் நம்புவினம்."